கலங்கலாக ஒரு தாய்மாமன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. தேடிப் போனது ஒரு கேமராவை.

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு கண்மாய் இருக்கிறது. தண்ணீர் கிடக்கிற மாதங்களில் நாரை வரும், முக்குளிப்பான் வரும். அவற்றைப் படம் எடுக்க எனக்கு ஆசை. ஆசை வந்து எட்டு மாதமாகிறது. எட்டு மாதமும் மிரர்லெஸ் என்கிற புதுரகக் கேமராவைப் பற்றி யூடியூபில் பேசுகிறவர்களைக் கேட்டே கழித்தேன். உள்ளே படம் விழுகிற சென்சார் பெரிதாக இல்லாவிட்டால் பிறந்ததே வீண் என்கிறார் ஒருவர். சின்ன சென்சார்தான் பறவைக்குத் தோது, தூரத்தில் இருப்பது பக்கத்தில் வரும் என்கிறார் இன்னொருவர். நான் இரண்டு பேரையும் நம்பினேன். அதற்குள் நாரைகள் வந்து, இருந்து, போய்விட்டன. பஸ்ஸை விட்டுவிட்டு போர்டு படிக்கிற ஆள் என்று வீட்டில் பெயர் வாங்கியாகிவிட்டது.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கோரிப்பாளையத்தில் சிக்கந்தர் பாய் கடையில், ஐந்தாவது முறையாக எதையும் வாங்காமல் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பாண்டிமீனா வந்தாள்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"வைகைப் பாலத்து வெயில் ஒரு—" 

அடித்துவிட்டேன். மதுரையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா தானாகப் போய் வெயிலில் நின்றுகொள்கிறது.

"பாண்டிமீனா அழுதுகொண்டே கடைக்குள் நுழைந்தாள்." 

சுத்தப் பொய். அவள் அழவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள், பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள், "பாய், இந்த எண்பத்தஞ்ச நீங்களே வச்சுக்கங்க. இருபத்துநாலு நூத்தஞ்சு ஒன்னு குடுங்க" என்றாள். முப்பது வயதிருக்கும். மேலூர்ப் பக்கம் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று படம் எடுக்கிற பெண். அவள் வீட்டில் கேமரா பிடித்த முதல் ஆள் அவள்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் லென்ஸ் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். எண்பத்தைந்து மில்லிமீட்டர் என்பது முகத்துக்கான லென்ஸ். முகம் மட்டும் பளிச்சென்று நிற்கும், பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து போகும். அந்தக் கரைசலுக்காகத்தான் யூடியூப்காரர்கள் உயிரை விடுகிறார்கள். இருபத்துநாலு நூற்றைந்து பந்திக்கும் பயன்படும், மேடைக்கும் பயன்படும். அதில் எல்லாமும் தெரியும், எதுவும் அப்படி அழகாகத் தெரியாது.

வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத லென்ஸ். ஏன் திருப்பித் தருகிறாய் என்று கேட்காமல் எதையும் உள்ளே வாங்கி வைக்கிற வழக்கம் பாய்க்கு இல்லை. கேட்டார்.

"நான் இனிமே யாரையும் கலங்கலா எடுக்குறதா இல்ல பாய்" என்றாள்.

3

பாண்டிமீனா சொன்னது இது: திருவாதவூரில் ஜெயக்கொடி என்று ஒரு பெண். மூன்று வயது மகள் அஸ்வினிக்குக் காதுகுத்து வைத்தாள். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். ஜெயக்கொடிக்குக் கூடப்பிறந்த அண்ணன் ஒருவர்தான், சிவபாண்டி. இரண்டு பேருக்கும் ஏழு வருடமாகப் பேச்சில்லை.

[சண்டைக்கான காரணம் இங்கே வர வேண்டும். வரப்புத் தகராறு என்று எழுதினேன். பிறகு, அப்பா செத்த வீட்டில் யாரோ சொன்ன ஒரு சொல் என்று மாற்றினேன். இரண்டையும் எடுத்துவிட்டேன். பாண்டிமீனாவுக்கு அது தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்?]

பத்திரிகையில் தாய்மாமன் என்று சிவபாண்டி பெயரைத்தான் அடித்தார்கள். மண்டப வாசல் பிளெக்ஸிலும் அவர் பெயர்தான். ஆனால் ஜெயக்கொடி நேரில் போய் அழைக்கவில்லை. ஆள் மூலம் கொடுத்தனுப்பினாள். அவர் வரவில்லை என்று எல்லோரும் முடிவு கட்டியபோது சித்தப்பா மகன் தங்கப்பாண்டி உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார்.

பாண்டிமீனா புது லென்ஸில் எடுத்தாள். மிரர்லெஸ்ஸில் கேமராவே கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். பிள்ளையின் கண்ணில் சின்னக் கட்டம் விழுந்தது, அதை விட்டு நகரவில்லை. கண்ணில் முட்டி நின்ற நீர்கூடத் தெரிகிற படம். அவள் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று பெருமையாக ஆல்பத்தில் முழுப் பக்கத்துக்குப் போட்டாள்.

ஒரு வாரம் கழித்து ஜெயக்கொடி ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கத்தை விரித்து, பிள்ளை மேல் இல்லை, தங்கப்பாண்டி தோளுக்குப் பின்னால் விரலை வைத்தாள். வாசல் ஓரம் வெள்ளைச் சட்டையில் ஓர் ஆள். முகம் இல்லை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் மாநிறமாக ஒரு திட்டு. இடுப்புக்கு நேராகக் கையில் வெள்ளையாக என்னவோ.

"இப்படி ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்கிறது எங்கண்ணன்தான். மொகம் கெடக்கட்டும் தாயி. கையில என்ன வச்சிருக்காருன்னு மட்டும் தெளிவாக்கிச் சொல்லு" என்றாள்.*

* வெளியூர் வாசகருக்கு: எங்கள் பக்கம் பகை வீட்டு விசேஷத்துக்கு ஊருக்காக வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகலாம். அதில் ஒன்றும் இல்லை. கை நனைத்துவிட்டால், அதாவது சாப்பிட்டுவிட்டால், பகை முடிந்தது. அந்த வெள்ளை, சாப்பிட்டுக் கை கழுவித் துடைக்கிற கைக்குட்டையாக இருந்தால் தங்கை உரிமையோடு அண்ணன் வீட்டுப் படி ஏறலாம். மடித்துப் பிடித்த பத்திரிகையாக இருந்தால், வந்தார், பார்த்தார், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார் என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் வாசலில் போய் நின்றால் நின்றபடியே திரும்ப வேண்டியதுதான்.

அடுத்த மாதம் சிவபாண்டி மகளுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் போகாவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடும் போக முடியாது என்று ஜெயக்கொடிக்குத் தெரியும். பந்தி பரிமாறியவர்களைக் கேட்கலாமே என்பீர்கள். கேட்டால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். யாராவது செல்போனில் எடுத்திருப்பார்களே என்பீர்கள். வேறு காரணம் சொல்லி எல்லோர் போனையும் வாங்கிப் பார்த்துவிட்டாள். எல்லாரும் பிள்ளையைத்தான் எடுத்திருந்தார்கள். பாண்டிமீனா எடுத்த மற்ற படங்களிலும் அவர் இல்லை.

4

லென்ஸ் தெளிவாக உள்வாங்காத இடத்தை எந்தக் கம்ப்யூட்டராலும் மீட்க முடியாது. அது பாண்டிமீனாவுக்குத் தெரியும். தெரிந்தும், பாவம், ஒரு ஏஐ ஆப்பில் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

முதல் தடவை கைக்குட்டை வந்தது. மடிப்பு, ஓரத்தில் நீலக் கரை, எல்லாம் சுத்தமாக. இரண்டாம் தடவை அதே படம், பத்திரிகை வந்தது. மூன்றாம் தடவை டீ கப். மூன்று தடவையும் முகமும் வந்தது. விளம்பரப் பலகையில் வேட்டி விற்கிற ஆளுடைய முகம்.

கைக்குட்டைப் படம் அவள் போனில் இருந்தது. பாயிடம் காட்டினாள். பாய், நாசமாய்ப் போக, "சார் கதை எழுதுறவரு, அவரைக் கேளும்மா" என்று என் பக்கம் கையை நீட்டிவிட்டார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இதக் காட்டுனா அந்தக்கா சந்தோசமாக் கெளம்பிப் போயிரும் சார். இல்லாதத இருக்குறாப்புல காட்டுறதுதானே உங்களுக்கு வேல. நீங்க சொல்லுங்க, காட்டலாமா?"

சுருக்கென்று இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

"சாருக்குக் கேமரா எடுக்கவே எட்டு மாசம்மா" என்றார் பாய்.

5

வீட்டுக்கு வந்து யோசிக்கவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதுகிற சாதிக்கு அதுதான் புத்தி.

(அ) கைக்குட்டை. ஜெயக்கொடி போகிறாள். சிவபாண்டி கண் கலங்கிக் கதவைத் திற— 

(ஆ) பத்திரிகை. ஜெயக்கொடி ஆல்பத்தை மூடி பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டு—

(இ) அந்த ஆள் சிவபாண்டியே இல்லை. மண்டபத்து எலக்ட்ரீஷியன் மொக்கைச்சாமி. கையில் இருந்தது இன்சுலேஷன் டேப்.

மூன்றாவதை எழுதி முடித்ததும் எனக்கே கைதட்டத் தோன்றியது. எழுந்து போய் டீ குடித்தேன். குடித்துவிட்டு வந்து படித்தால் வெட்கமாக இருந்தது. மூன்று தடவை போட்டேன், மூன்று வந்தது. அந்த ஆப் செய்ததற்கும் நான் செய்ததற்கும் ஒரு டீதான் வித்தியாசம். காட்டாதே என்று சொல்ல போனை எடுத்தேன். பிறகு, ஏழு வருடம் காத்திருந்த ஒருத்திக்குக் கிடைக்கப்போகிற ஒரு நல்ல வார்த்தையைத் தடுக்க நான் யார் என்று கீழே வைத்தேன்.

6

பாண்டிமீனா எனக்காகக் காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவளே கூப்பிட்டாள்.

திருவாதவூருக்குப் போயிருக்கிறாள். போனையும் ஆல்பத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். இது கம்ப்யூட்டர் வரைந்தது, நிசமில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஜெயக்கொடி போனில் இருந்த முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"யாரு தாயி இது?"

கையைப் பார்க்கவே இல்லையாம். கைக்குட்டையும் அதன் நீலக் கரையும் வீணாய்ப் போயின. போனைத் தள்ளி வைத்துவிட்டு, ஆல்பத்தில் அந்த மாநிறத் திட்டைத் தடவியிருக்கிறாள்.

"இதான் எங்கண்ணன்."

பிறகு ஜெயக்கொடி சொன்னதைப் பாண்டிமீனா அப்படியே எனக்குச் சொன்னாள்: "பேரப் போட்டு அனுப்புனேன். நேர்ல போயி அண்ணேன்னு கூப்புட்டனா? கூப்புடாத வீட்டுக்கு வந்து நின்னுருக்காரே, அவரு. சாப்பிட்டாரா இல்லையான்னு நான் என்னத்தக் கேக்குறது. ஞாயித்துக்கெழம போறேன்."

வீடு எங்கே என்று கேட்டேன். "உங்க ஊருதான் சார், நாகமலை புதுக்கோட்டை. கம்மாக்கரை எதுக்க, நீலக் கேட்டு" என்றாள். தினமும் நான் நடை போகிற வழி.

புது லென்ஸ் எப்படி என்றும் கேட்டு வைத்தேன். "எல்லாரும் தெளிவா இருக்காக சார். யாரையும் திரும்பப் பாக்கத்தான் தோணல" என்றாள். எண்பத்தைந்தைப் பாய் இன்னும் விற்கவில்லையாம். கண்ணாடி அலமாரியில் அவள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து வைத்திருக்கிறாராம்.

7

சனிக்கிழமை போய்க் கேமரா வாங்கிவிட்டேன். சின்ன சென்சார், தூரத்தில் இருப்பதை நானூறு மில்லிமீட்டர் வரை பக்கத்தில் இழுக்கிற லென்ஸ். எதற்காக அவ்வளவு அவசரம் என்று பாய் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்: பறவைக்காக இல்லை.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குக் கரையில் நின்றேன். கண்மாயில் இருந்தது ஒரே ஒரு கொக்கு. எதிரே நீலக் கேட். கேட்டில் திறந்து தொங்கிய பூட்டின் துருகூட லென்ஸில் தெரிந்தது. ஷேர் ஆட்டோ வந்தது. ஒரு பெண் இறங்கினாள். இடுப்பில் பிள்ளை, தோளில் பை, பைக்கு வெளியே ஆல்பத்தின் முனை. அவள் பிள்ளையை இறக்கி விட்டு, முந்தானையைச் சரிசெய்து, கேட்டைத் தட்டினாள். உள்ளே கதவு அசைந்தது. என் கேமராவில் சின்னக் கட்டம் விழுந்து கண்ணைத் தேடத் தொடங்கியது.

அப்போது என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. லென்ஸைத் திருப்பினேன். கொக்கை இருபத்தேழு படம் எடுத்தேன். அத்தனையும் சுமார்.

எனவே அந்த வீட்டில் இலை போட்டார்களா, ஜெயக்கொடி கை நனைத்தாளா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தது போல எழுத என்னால் முடியும், பார்த்தீர்கள். எழுத மாட்டேன்.

உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் வழி சொல்லிவிட்டேன்: நாகமலை புதுக்கோட்டை, கண்மாய்க் கரை எதிரே, நீலக் கேட். கரையில் நின்று பார்க்காதீர்கள். வாசலுக்குப் போய்க் கூப்பிடுங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள். சாப்பிடச் சொன்னால், தயவுசெய்து, கை நனைக்காமல் வந்துவிடாதீர்கள்.