சம்பந்தி வீட்டு டிரெய்லர்

சம்பந்தி வீட்டு டிரெய்லரை இரவல் கேட்கப் போனபோது டைல்ஸ் மேஸ்திரிக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. பெண்ணைக் கொடுத்த வீடு. அங்கே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்பதற்கே இரண்டு தடவை யோசிக்கிற ஆள் அவர். ஆனால் டைல்ஸ் ஏற்றி வருவதாகச் சொல்லியிருந்த வண்டிக்காரன் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டான். திங்கட்கிழமை வேலையைத் தொடங்கியாக வேண்டும். வேறு வழியில்லாமல் போய் நின்றார்.

சம்பந்தி ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர். காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற அந்தச் சின்ன டிரெய்லரில்தான் அவர் பிழைப்பே ஓடியது. ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம், முட்டி உயரத்துக்குத் தகரப் பலகை. மழையில் நனையவிட மாட்டார். ஐந்நூறு கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று பக்கத் தகட்டில் வெள்ளைப் பெயின்டால் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார்.

"இதுக்குப் போய் நேர்ல வரணுமா சம்பந்தி? ஒரு போன் பண்ணா நானே கொண்டாந்து விட மாட்டேனா?" என்றவர், பேச்சோடு பேச்சாக டிரெய்லரை இவருடைய பழைய காரில் மாட்டியும் கொடுத்துவிட்டார்.

மேஸ்திரி ஏற்றியது முப்பத்திரண்டு பெட்டி டைல்ஸ், பத்து மூட்டை ஒட்டுப்பசை. ஆயிரம் கிலோவைத் தாண்டும். முப்பது வருஷமாக அந்தப் பெட்டிகளைத் தூக்கிய தோளுக்கு எடை தெரியாமல் இல்லை. இரண்டு நடை போனால் பாதி நாள் போய்விடும் என்ற சோம்பல். பக்கத் தகட்டில் இருந்த எழுத்தைப் பார்த்தார். எல்லாரும் அப்படித்தான் குறைத்து எழுதுவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

மூன்றாவது வேகத்தடையில் பின்னாலிருந்து 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தார். இடது சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, நடக்க முடியாதவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல நின்றது. மெதுவாக உருட்டிக்கொண்டு போய்ச் சரக்கை இறக்கினார். பாரம் போனதும் சக்கரம் கொஞ்சம் நிமிர்ந்தது. முழுசாக நிமிரவில்லை.

திருப்பிக் கொடுக்கும்போது சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினார். ஆனால் வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி டிரெய்லரைக் கழுவினார். இண்டு இடுக்கு விடாமல் கழுவினார். வாங்கியபோதுகூட அது அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. கொண்டுபோய் நிறுத்தும்போது இடது சக்கரம் சுவர்ப்பக்கம் வருகிற மாதிரி நிறுத்தினார். அப்படி நிறுத்தவேண்டும் என்று அவர் யோசித்ததாகக்கூட நினைவில்லை. கை தானாகத் திருப்பியது.

சம்பந்தி வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னார்: "பாத்தியா, இரவல் வாங்கினா இப்படித் திருப்பிக் கொடுக்கணும். நம்ம வீட்லயும் இருக்கானே ஒருத்தன், ஒரு நாளாவது கழுவியிருப்பானா?"

அந்த ஒருத்தன் மேஸ்திரியின் மாப்பிள்ளை. அப்பனுக்குக் கூடமாட வேலை செய்கிறவன். அதிர்ந்து பேசத் தெரியாதவன். அவன் சிரித்துக்கொண்டே நின்றான். மேஸ்திரியும் சிரித்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே கிளம்பினார்.

புதன்கிழமை மத்தியானம் மகள் போன் செய்தாள். டிரெய்லரில் வாஷிங் மெஷினை ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை முதல்முறையாகத் தனியாகப் போயிருக்கிறான். ஒரு முனையில் திரும்பும்போது இடது சக்கரம் நடைபாதை விளிம்புக் கல்லில் லேசாக உரசியது. அவ்வளவுதான், சக்கரம் அச்சோடு முறிந்து தனியாக ஓடியது. மெஷின் நடுரோட்டில் விழுந்தது. பின்னால் சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஒரு தையல்காரர் அதில் மோதாமல் இருக்கத் திருப்பி, கீழே விழுந்து, வலது முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார்.

"இவர் ரெண்டு வாய்கூடச் சாப்பிடலப்பா. கொஞ்சம் தவறியிருந்தா ஒரு உசுரு போயிருக்கும்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு. மாமா வேற தெருவுல வச்சே காய்ச்சி எடுத்துட்டாரு."

"அடடா," என்றார் மேஸ்திரி.  மகள் அதை வருத்தம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை புது அச்சு வந்துவிட்டது, மாட்டுவதற்கு ஒரு கை வேண்டும் என்று சம்பந்தி சொல்லி அனுப்பினார். கூப்பிடாவிட்டாலும் மேஸ்திரி போயிருப்பார். நான்கு ராத்திரி தூக்கமில்லாமல் கண்கள் எரிந்தன.

வீட்டுப் பின்கட்டில், சிமென்ட் தரையில், டிரெய்லரை இரும்புத் தாங்கிகள்மேல் தூக்கி நிறுத்தியிருந்தார் சம்பந்தி. பக்கத்தில் பழந்துணி விரித்து, புது அச்சு, புது போல்ட்டுகள், பேரிங், ஒரு டப்பா கிரீஸ். மாப்பிள்ளை கொஞ்சம் தள்ளி, குழாயடியில் நின்றிருந்தான்.

"அந்த ஸ்பேனரை எடுத்துக் குடுடா. பாத்து, அதையும் உடைச்சிடாத," என்றார் சம்பந்தி.

மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்தான். முகம் செத்துக் கிடந்தது.

"பத்து வருஷமா இந்த வண்டி என் கையில இருக்கு சம்பந்தி. ஒரு கீறல் விழுந்ததில்ல. ஒரே ஒரு நாள் இவன்கிட்டக் குடுத்தேன். கண்ணு முன்னாடி பாத்து ஓட்டணும். இவனுக்குப் பிடரியில இருக்குது போல."

அப்போது மேஸ்திரி ஒன்று சொன்னார். பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும் அவருக்கு.

"விடுங்க சம்பந்தி. புதுசா ஓட்டுற புள்ள. தப்பு எல்லாருக்கும் வர்றதுதானே."

மாப்பிள்ளை தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். நான்கு நாளில் அவனிடம் யாரும் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை போலிருக்கிறது. அவன் கண்ணில் நன்றி தெரிந்தது. "பால் வாங்கிட்டு வந்து டீ போட்டுக் கொண்டாறேன் மாமா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

மேஸ்திரி குனிந்துகொண்டார். வேலைதான் செய்கிறார் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

இரண்டு பேரும் பழைய அச்சைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்றினார்கள். துரு ஏறி இறுகிக் கிடந்தன. எண்ணெய் விட்டு, ஸ்பேனர் பிடியில் ஒரு குழாயைச் செருகி, மூச்சுப் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது. அச்சு, அதன்மேல் உட்கார்ந்திருந்த பட்டை ஸ்பிரிங்குகளை விட்டு இறங்கியதும் சம்பந்தி அதைத் தரையில் போட்டார். அது தரையில் படியாமல் இப்படியும் அப்படியும் ஆடியது. நடுவில் வில்லாக வளைந்திருந்தது. சம்பந்தி உட்கார்ந்து, முறிந்த முனையைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முறிவின் வாயில் பாதி பளபளவென்று புது இரும்பு. மறுபாதி பழுப்பேறித் துருப்பிடித்திருந்தது.

"இது அன்னைக்கு உடைஞ்சது இல்லியே," என்றார் மெதுவாக. "முன்னாடியே விரிசல் விட்டிருக்கு. தண்ணி இறங்கியிருக்கு. நடுவுல வளைவு வேற. இது கல்லுல உரசுனதால வர்ற வளைவு இல்ல. பாரத்துல..."

பேச்சை நிறுத்திவிட்டார். மேஸ்திரியின் பக்கம் அவர் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது மேஸ்திரிக்கு.

"நான்தான்," என்றார் மேஸ்திரி.

சம்பந்தி துணியை மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

"எத்தனை பெட்டி?"

"முப்பத்திரண்டு. பசை மூட்டை பத்து."

"சக்கரம் சாஞ்சது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

சம்பந்தி முறிந்த அச்சை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "சரி. இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். உங்க பொண்ணு இந்த வீட்ல தலை நிமிர்ந்து இருக்கணும். அவன் கிடக்கான், சின்னப் பையன், நாலு நாள்ல மறந்துடுவான். நானும் தெருவுல வச்சு அவனை அத்தனை பேச்சுப் பேசிட்டேன். இனிமே போய் அவன்கிட்ட என்னன்னு சொல்றது? விடுங்க."

மேஸ்திரியின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இளகி இறங்கியது. ஒரு பெரிய சுமையை யாரோ கை கொடுத்து இறக்கியதுபோல. தலையை ஆட்டினார். ஆட்டிய பிறகுதான் தான் எதற்குத் தலையாட்டினோம் என்பது உறைத்தது. 

புது அச்சைத் தூக்கிப் பொருத்தினார்கள். பட்டை ஸ்பிரிங்கின் நடு போல்ட் தலை அச்சில் இருந்த குழிக்குள் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்தார்கள். டிரெய்லரின் முன் கொக்கியிலிருந்து அச்சின் இரண்டு முனைக்கும் நாடா பிடித்து அளந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு வரவேண்டும். அரை விரல் பிசகினாலும் டிரெய்லர் நண்டு மாதிரி ஒரு பக்கமாகவே போகும். டைல்ஸ்காரரான மேஸ்திரிக்கு அளவு கைவந்த சங்கதி. இன்றைக்கு நாடாவில் இருந்த எண்ணைப் படிக்க அவருக்கு மூன்று தடவை ஆனது.

மாப்பிள்ளை தட்டில் டீ கொண்டுவந்தான். மகள் பின்னாலேயே வாசற்படி வரை வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். மாப்பிள்ளை முதல் தம்ளரை மாமனாருக்குக் கொடுத்தான்.

"இனிமே அப்பாவே ஓட்டட்டும் மாமா. கார் சாவியை அவர்கிட்டயே குடுத்துட்டேன். நான் கடையில உக்காந்து போன் எடுக்கறேன். ஓட்டறதுக்கெல்லாம் ஒரு கை வேணும். எனக்கு அது இல்ல."

சாதாரணமாகத்தான் சொன்னான். அழவில்லை, குறைப்படவில்லை. தீர்ந்துபோன ஒரு விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னான். அதுதான் மேஸ்திரியைக் கொன்றது. சம்பந்தி கண்ணாலேயே 'வேண்டாம்' என்றார். மேஸ்திரி தம்ளரைத் தரையில் வைத்தார்.

"மாப்பிள்ளை, அச்சை உடைச்சது நான். போன வாரம் சனிக்கிழமை. ரெண்டு மடங்கு பாரம் ஏத்தினேன். சக்கரம் சாஞ்சதைப் பாத்தும் சொல்லாம கொண்டாந்து நிறுத்திட்டுப் போயிட்டேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

மாப்பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். "அப்ப கல்லுல உரசினது?"

"அது உரசாட்டியும் அடுத்த தெருவுல போய் உடைஞ்சிருக்கும்."

"கொஞ்சம் முன்னாடி, 'புதுசா ஓட்டுற புள்ள'ன்னு சொன்னீங்களே."



மாப்பிள்ளை தன் அப்பா பக்கம் திரும்பினான். "உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"இப்பதான்," என்றார் சம்பந்தி. "அரை மணி நேரம் இருக்கும்."

"அரை மணி நேரம்," என்றான் அவன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மகள் போகவில்லை. "தினமும் அந்தத் தையல்காரரைப் போய்ப் பாத்துட்டு வர்றாருப்பா. அவரு திட்டத் திட்டக் கேட்டுக்கிட்டு வர்றாரு," என்றாள். குரல் உயரவே இல்லை. மேஸ்திரி எழுந்தார். பேசாமல் போய்விடலாம் என்றுதான் இருந்தது. "எங்க போறீங்க? சக்கரம் யார் மாட்டுவா? முடிச்சுட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு அவளும் உள்ளே போனாள்.

இரண்டு சம்பந்திகளும் வேலையைத் தொடர்ந்தார்கள். பேரிங்கில் கிரீஸை உள்ளங்கையால் அழுத்தி ஏற்றி, நட்டை முதலில் இறுக்கி, பிறகு ஒரு நூலளவு தளர்த்தி, அது கழலாமல் இருக்கப் பூட்டு ஊசியைச் செருகி மடக்கினார்கள். சக்கரங்களைச் சுற்றிவிட்டுப் பார்த்தார்கள். உரசல் இல்லாமல் சுற்றின. இடையில் ஒரே ஒருமுறை சம்பந்தி வாய் திறந்தார்: "நானும் அவசரப்பட்டுட்டேன்." அது மேஸ்திரிக்குச் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா தெரியவில்லை.

டிரெய்லரைத் தாங்கியிலிருந்து இறக்கியபோது மாப்பிள்ளை சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றான். அப்பாவிடம் கையை நீட்டினான். சம்பந்தி பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"வாங்க மாமா, தையல்காரர் வீடு வரைக்கும் போயிட்டு வரலாம். டிரெய்லரை மாட்டிக்கிட்டே போவோம். ஓட்டிப் பாத்த மாதிரியும் ஆச்சு."

 மாப்பிள்ளை வளைவுகளில் நிதானமாகத் திருப்பினான். நன்றாகத்தான் ஓட்டினான். அதைச் சொல்லிப் பாராட்டத் தனக்கு என்ன யோக்கியதை என்று மேஸ்திரி வாயை மூடிக்கொண்டு வந்தார்.

தையல்காரர் முன்னறையில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் கட்டு. தைத்து முடியாத துணிகள் ஒரு கூடையில் குவிந்து கிடந்தன. மாப்பிள்ளையைக் கண்டதும், "இன்னைக்கும் வந்துட்டியா?" என்று ஆரம்பித்தார்.

"இவர் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்," என்றான் மாப்பிள்ளை.

மேஸ்திரி நின்றபடியே சொன்னார். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். இல்லை. யார், என்ன உறவு, எவ்வளவு பாரம், எத்தனை நாள் சும்மா இருந்தார், எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஒரு மனிதருக்கு முன்னால் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கவேண்டியிருந்தது.

தையல்காரர் கேட்டு முடித்தார். கூடையிலிருந்த துணிகளை இடது கையால் காட்டி, "இதெல்லாம் வெள்ளிக்கிழமையே குடுக்க வேண்டியது," என்றார் மேஸ்திரியிடம். அப்புறம் மாப்பிள்ளையைப் பார்த்தார். "நாலு நாளா உன்னைக் கண்டபடி பேசியிருக்கேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னியா நீ? உக்காருப்பா."

அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. மாப்பிள்ளை உட்கார்ந்தான். மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். கை ஆறும்வரை தினமும் காலையில் வந்து துணி வெட்டவும் எடுத்துக் கொடுக்கவும் உதவுவதாகச் சொன்னார். "வாங்க, பாக்கலாம்," என்றார் தையல்காரர், நம்பாதவராக.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை டிரெய்லர் பக்கம் போனான். புது பேரிங் போட்டால் முதல் ஓட்டத்துக்குப் பிறகு சக்கர நடுவைத் தொட்டுப் பார்க்கவேண்டும். கொதித்தால் எங்கோ தப்பு.

"இடது பக்கம் சூடு இருக்கான்னு பாருங்க மாமா."

மேஸ்திரி குனிந்து உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "வெதுவெதுன்னு இருக்கு. சரியாத்தான் இருக்கு மாப்பிள்ளை."

மாப்பிள்ளை தலையசைத்தான். பிறகு சுற்றி வந்து, அவர் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்து, அதே இடத்தில் தன் கையையும் வைத்துப் பார்த்தான்.