ஒரு வாய்க் கஞ்சி

மெத்தையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையை அடியில் விட்டுத் துழாவினாள் குணசுந்தரி. அவள் புருஷன் அய்யாவு கூடத்தில் சவப்பெட்டிக்குள் கிடந்தார். மூக்குக் கண்ணாடி இல்லாமல் தம்பியை அனுப்பக் கூடாது என்று நாத்தனார் உமாராணி ஒரே பிடியாக நின்றாள். சிடாம் கிரியிலிருந்து விடிந்ததும் வந்து இறங்கியவள், அப்போதிலிருந்து பாக்கார் ஆராங்கில் இருந்த அவர்கள் வீட்டையே ஆட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி இல்லாம அவன் மொகம் வேற யாரோ மாதிரி இருக்கு குணா. மூணு மணிக்கு எடுத்துருவாங்க. நல்லாப் பாரு லா."

"எட்டு மாசமா அவரு கண்ணாடியே போடல அண்ணி. தலைமாட்டு டிராயர்லதான் வச்சேன். காணோம்."

கையில் தட்டுப்பட்டது நோட்டுப் புத்தகம். அவளுடையதுதான். ஆனால் நடுவில் புடைத்துக்கொண்டிருந்தது. திறந்தாள். கண்ணாடி உள்ளே இருந்தது.

அய்யாவுக்கு வாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போன மூன்றாவது மாதம், ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அவரைப் பார்த்துக் கத்திவிட்டாள் குணசுந்தரி. அங்கே இருந்த ஆலோசகர் பெண், மகள் வாணியைவிடச் சின்னவள், தனியாகக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். "மனசுல இருக்கறத அப்படியே எழுதுங்க ஆன்ட்டி. நல்லது கெட்டதுன்னு பாக்காதீங்க. யாரும் படிக்கப் போறதில்ல." வாணி அன்றே நீல நோட்டு வாங்கிக் கொடுத்தாள்.

பொய் சொல்லக் கூடாது, எழுதியது அவளைக் காப்பாற்றியது. ஒரு பக்கம் எழுதி முடித்தால் பல்லைக் கடிக்காமல் அவருக்குத் துடைத்துவிட முடிந்தது. தன் கோபம் எதன்மேல் என்று அவளுக்கே அப்போதுதான் விளங்கியது. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது "நீ சாப்பிட்டியா" என்று கேட்காத மனுஷனுக்கு வேளைக்கு வேளை ஊட்டிவிட வேண்டியிருந்தது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுவாள். எல்லாம் புரியும், பேச்சுதான் வராது என்று டாக்டர் சொன்னதை நாளடைவில் அவள் நம்பாமல் விட்டுவிட்டாள். எழுதிய நோட்டையும் பேனாவையும் அவர் தலைமாட்டு மெத்தைக்கடியில் செருகிவிட்டு அடுப்படிக்குப் போவாள். அவரிடமிருந்து ஒளிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

முதல் பக்கத்தைப் புரட்டினாள். கீழே வலது மூலையில் ஒரு டிக்.

அலோர் ஸ்டார் நில அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர் அய்யாவு. படித்த தாளின் மூலையில் டிக் போடாவிட்டால் அவருக்குப் படித்த மாதிரியே இருக்காது. கரண்டு பில், வாணியின் பள்ளி ரிப்போர்ட், பாசாருக்கு அவள் எழுதிக் கொடுக்கும் சாமான் பட்டியல், எல்லாவற்றுக்கும் போடுவார். கல்யாணப் பத்திரிகைக்கு டிக் போடும் ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருத்தர்தான் என்று அவளே கிண்டல் செய்திருக்கிறாள்.

இரண்டாம் பக்கத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். இடது கையால் போட்ட கோணல் டிக்குகள், நாற்பத்து மூன்று பக்கத்துக்கும். கடைசிப் பக்கத்தில் அவள் எழுதியிருந்தது நாலே வரி.

'முதுகு விட்டுப்போகிறது. நீங்கள் முழுங்கும் ஒவ்வொரு வாயும் எனக்கு இன்னொரு நாள். உங்களுக்கும் போதும், எனக்கும் போதும். போய்ச் சேருங்கள்.'

அதன் கீழே இருந்த டிக் மட்டும் நேராக இருந்தது.

அதை எழுதியது ஒரு செவ்வாய்க்கிழமை. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரியை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பாசாருக்குப் போனாள். திரும்பி வந்து கஞ்சி கொண்டுபோனால் அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாய்ங்க, ஒரே ஒரு வாய் என்று கெஞ்சினாள். ஆஸ்பத்திரியில் டியூப் போட்டார்கள். இடது கையால் பிடுங்கி எறிந்தார். பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் கரண்டியும் கையுமாக இருந்தவளுக்கு நோட்டின் நினைப்பே வரவில்லை.

"கெடச்சிருச்சா?" உமாராணி வாசற்படியில் வந்து நின்றாள். "அதென்ன நோட்டு, அவனோடதா? அப்ப அதையும் உள்ள வச்சிருவோம்."

"இல்ல அத்தே, அது அம்மாவோடது." பின்னால் வந்த வாணி அழுது வீங்கிய கண்ணோடு நோட்டைத் தொட்டாள். "வச்சிக்கோங்கம்மா. இனிமேதான் நீங்க நெறைய எழுதணும். அந்த மிஸ் சொன்னாங்கல்ல?"

குணசுந்தரிக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. நான்தான் கொன்றேன் என்று இந்த இரண்டு பேரிடமும் சொல்ல வேண்டும் போலிருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

கூடத்தில் பண்டாரம் முருகையா வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் சுற்றி வந்து போட்டார்கள். கடைசியாக அவள் முறை. முதலில் கண்ணாடியை மாட்டிவிட்டாள். உமாராணி சொன்னது சரி, இப்போதுதான் அது அவர் முகம். நோட்டை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டில் கையை விட்டாள்.

மோவாயைச் சேர்த்துத் துணி கட்டியிருந்தது. உதட்டில் வைத்த அரிசி நிற்காமல் சட்டைக் காலருக்குள் சரிந்தது.

"ஒரு வாய்ங்க" என்றாள்.

கேட்ட பெண்கள் விம்மினார்கள். என்ன பாசம் பாரு என்றாள் ஒருத்தி. காலருக்குள் விழுந்ததைப் பொறுக்கி மறுபடி வைத்தாள் குணசுந்தரி. அதுவும் சரிந்தது. மூன்றாவது தடவையும் அப்படியே.

"மூணு வாட்டி போதும்மா" என்றார் முருகையா மெதுவாக. ஆட்கள் மூடியைத் தூக்கிக்கொண்டு காத்து நின்றார்கள்.

குணசுந்தரி மறுபடியும் தட்டில் கையை விட்டாள்.