லெஃப்ட் மாஸ்டருக்கு ஒரு பழைய வண்டி

என் வீட்டுக்காரருடைய பேண்ட் ஒரே வாரத்தில் இரண்டாவது முறையாக, அதே இடத்தில், இரண்டு கால்களும் சேரும் இடத்தில் கிழிந்து வந்தது. கையிலிருந்த செய்தித்தாளைப் பின்பக்கம் மறைத்துப் பிடித்தபடி வீட்டுக்குள் வந்தவர் சொன்னது இதுதான்: "உன் தையல்ல இப்பல்லாம் பலமே இல்ல."

நான் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். என் தையலைப் போட்டுக்கொண்டு இந்த ஊர்ப் பிள்ளைகள் சுவர் ஏறிக் குதிக்கிறார்கள், சறுக்குமரத்தில் தலைகீழாகச் சறுக்குகிறார்கள். அவர்களிடம் கிழியாத தையல், பழைய மோட்டார் சைக்கிள் பார்க்கப் போன பெரிய மனிதரிடம் எப்படிக் கிழியும்? வாய் வரை வந்த கேள்வியை விழுங்கிவிட்டு, மிஷினில் உட்கார்ந்து இரட்டைத் தையல் போட்டேன். என் தொழிலைக் குறை சொன்ன கோபம் மட்டும் அடங்கவில்லை. அடுத்த வண்டியைப் பார்க்கப் போகும்போது நானும் கூடவே போவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வு பெறும்வரை டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவர். ஊரில் அவருக்கு லெஃப்ட் மாஸ்டர் என்று பெயர். மோட்டார் சைக்கிளில் இடது பக்கம்தான் ஏற வேண்டும், இடது பக்கம்தான் இறங்க வேண்டும் என்பதில் குரங்குப் பிடி. யாராவது மறந்துபோய் வலது பக்கம் காலைத் தூக்கிப் போட்டால் தொலைந்தார்கள். டாக்டர், வக்கீல் என்றெல்லாம் பார்க்க மாட்டார். மைதானத்தில் நிற்க வைத்து, சரியாக வரும்வரை ஏறி இறங்கச் சொல்லுவார்.

இப்படி ஊருக்கே கற்றுக் கொடுத்தவர் எனக்கு மட்டும் கற்றுக் கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் கேட்டுப் பார்த்தேன். "நீயும் ஓட்டக் கத்துக்கிட்டா எனக்குப் பின்னால யாரு உட்கார்றது?" என்றார். அதைக் காதல் என்று நினைத்துக்கொண்டு நானும் சும்மா இருந்துவிட்டேன். புத்தி தெளிவதற்குள் தலை நரைத்துவிட்டது. அவருடைய வண்டியின் ஹேண்டில்பாரை ஒரு நாள் கூட நான் தொட்டதில்லை. துடைக்கக்கூட விடமாட்டார்.

அந்தப் பழைய வண்டி போன மழைக்காலத்தில், வாசல் கேட்டருகே நின்ற நிலையிலேயே அவர் மேல் சாய்ந்தது. இறங்கும்போது வழுக்கிவிட்டதாம். அடி பெரிதாக இல்லை. ஆனால் மகள் வந்து பார்த்தாள். அவள் ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவு நர்ஸ், தினமும் பார்ப்பதே உடைந்த இடுப்புகளைத்தான். மறுநாளே வண்டியைப் பழைய இரும்புக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அப்பா பிடிவாதமாக நின்றதால் ஒரு சலுகை கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் தனக்குப் பொருத்தமான ஒரு வண்டியைத் தேடிப் பிடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரை அவளே வாங்கிக் கொண்டுவந்து நிறுத்துவாள்.

அந்தச் சின்னச் சக்கரங்கள் அவரைத் தூங்கவிடவில்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "அதுல என்னை உட்கார வெச்சா, அப்புறம் நான் வாசலைத் தாண்ட மாட்டேன்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. இந்த மனிதர் வண்டி இல்லாமல் வீட்டுக்குள் உட்கார்ந்தால் அவரும் பிழைக்க மாட்டார், நானும் பிழைக்க மாட்டேன்.

ஆனால் பார்க்கிற வண்டியிலெல்லாம் ஏதோ ஒரு குறை. முதல் வண்டியின் சைலன்ஸரைத் தொட்டுப் பார்த்தாராம், சூடாக இருந்ததாம். காலையில் ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணும் வண்டியைத்தான் ஆள் வருவதற்கு முன்னாலேயே ஓட வைத்துச் சூடேற்றி வைப்பார்களாம். இரண்டாவது வண்டியில் செயின் தொங்குகிறது, முன்சக்கரம் ஆடுகிறது என்றார். இரண்டு வண்டிகளையும் நான் பார்க்கவில்லை. இரண்டு கிழிசலையும் பார்த்தேன்.

மூன்றாவது வண்டி ஒரு பேக்கரிக்காரருடையது. வேன் வாங்கிவிட்டதால் விற்கிறாராம். பேக்கரியின் பின்கட்டில் மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில், நடு ஸ்டாண்டு போட்டு நேராக நின்றது வண்டி. சீட் உயரம் அதிகமில்லை. கிக்கரை உதைக்காமல் பட்டனை அழுத்தியே ஸ்டார்ட் செய்யலாம். பட்டன் ஸ்டார்ட் சோம்பேறிகளுக்கு என்று இத்தனை காலம் சொல்லிவந்தவர், இன்று அந்தப் பட்டனைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பேக்கரிக்காரர் நல்ல கனமான உடம்புக்காரர். கை முழங்கை வரை மாவு. என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "மாஸ்டர், என்னைத் தெரியுதா?" என்றார்.

இவர் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, "வலது பக்கம் ஏறுவியே, நீதானே?" என்றார்.

அவரேதான். ஒரு நாள் முழுக்க வெயிலில் ஏறி இறங்கியதையும், மறுநாள் மாவு பிசையக் கால் நிற்காததையும், கடையில் எல்லாரும் கேலி செய்ததையும் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். சிரிப்பு உதட்டோடு சரி. கண் சிரிக்கவில்லை. ஆறாமல்தான் வைத்திருக்கிறார் என்று புரிந்தது.

இவர் வேலையை ஆரம்பித்தார். சைலன்ஸரைத் தொட்டார், குளிர்ந்திருந்தது. ஆயிலை எடுத்து விரலில் தேய்த்து முகர்ந்தார். செயினைத் தூக்கிப் பார்த்தார். பட்டனை அழுத்தினார். முதல் அழுத்திலேயே ஸ்டார்ட் ஆகிச் சீராக ஓடியது. காது கொடுத்துக் கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். குறை எதுவும் கிடைக்கவில்லை. பாவம், முகம் வாடிவிட்டது. நல்ல வண்டி கிடைத்ததற்காக ஒரு மனிதர் வருத்தப்படுவதை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னார் பேக்கரிக்காரர். நீ ஓட்டிக் காட்டு, நான் சத்தத்தைக் கேட்கிறேன் என்றார் இவர். மாஸ்டர் முன்னால் ஏறி இன்னொரு தடவை வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாரில்லை என்றார் அவர். மரியாதை போட்டி போட்டுக்கொண்டு நடந்தது. கடைசியில் தப்பிக்க வழியில்லாமல் இவர் என்ஜினை நிறுத்திவிட்டு இடது பக்கம் போய் நின்றார். ஹேண்டிலைப் பிடித்தார். வலது காலைத் தூக்கினார்.

கால் சீட்டின் ஓரம் வரை போனது. அங்கேயே நின்றது. அதற்கு மேல் போகவில்லை. எங்கேயோ ஒரு நூல் அறுந்த சத்தம் என் காதில் விழுந்தது. உடனே அந்தக் காலை இறக்கி, அதற்காகத்தான் தூக்கியது போலப் பின் டயரை ஒரு உதை உதைத்து, "காத்து கம்மியா இருக்கு" என்றார்.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பேண்ட் இரண்டு முறை கிழிந்தது, கேட்டருகே விழுந்தது, நல்ல வண்டிகளையெல்லாம் குறை சொல்லித் தள்ளியது, எல்லாம் வலது காலைத் தூக்கவிடாத அந்த இடுப்பால்தான். இத்தனை காலம் கூடவே இருக்கிற என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்துக்கு நடுவே அழுகையும் வந்தது. அவர் சமாளிக்க வேண்டி இடது காலை ஒரு மாவு மூட்டை மேல் சாதாரணமாகத் தூக்கி வைத்து ஷூ லேஸை இறுக்கினார். வலது ஷூவைப் பார்த்தேன். அதன் லேஸ் கட்டப்படாமல் உள்ளே செருகியிருந்தது.

பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். "இந்தப் பக்கமா வந்து ஏறுங்க."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். இடது காலுதான் தூக்க வருதே."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அவன் பார்த்துட்டு இருக்கான்" என்றார்.

"அவரு ஒருத்தர்தான் பார்க்கறாரு. ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் உங்களை ஊரே பார்க்கும்."

சின்னச் சக்கரங்கள் கண்முன் வந்திருக்க வேண்டும். மெல்ல நடந்து வண்டியைச் சுற்றி வலது பக்கம் வந்தார். கடன்காரனைத் தாண்டிப் போவது போலப் பேக்கரிக்காரரைப் பார்க்காமல் வந்தார். வலது காலை ஊன்றி நின்று, இடது காலைத் தூக்கிப் போட்டார். அது ஒரு சிரமமும் இல்லாமல் சீட்டைத் தாண்டியது. உட்கார்ந்துவிட்டார்.

பிறகு பேக்கரிக்காரர் மெதுவாக, "மாஸ்டர், அது வலது பக்கம்" என்றார்.

"தெரியும்." இவர் கண்ணாடியைத் திருப்பிச் சரி செய்தார். சரியாக இருந்ததையே இன்னொரு முறையும் சரி செய்தார். "நீ அன்னைக்கு ஏறினதுல பெரிய தப்பு ஒண்ணும் இல்ல."

"அதை எழுதிக் கொடுத்தீங்கன்னா கடையில மாட்டி வெச்சுக்குவேன்" என்றார் பேக்கரிக்காரர். இப்போது கண்ணும் சிரித்தது. அவரே பின்னாலிருந்து தள்ளி வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கிவிட்டார். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

அன்று மாலையே வண்டி எங்களுடையதாகிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில், சாலையைப் பார்த்துக்கொண்டே, "தையல் நல்லாத்தான் போட்டிருக்க" என்றார். மன்னிப்பு எல்லாம் அவருக்குச் சாலையிடம் கேட்டுத்தான் பழக்கம். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். மனசு லேசாக இருந்தது.

வீட்டு வாசல் வந்தது. அவர் நிறுத்தவில்லை, தாண்டிப் போனார். தெருவைச் சுற்றி மறுபடி வாசல் வந்தது. மறுபடியும் தாண்டினார். வண்டி அவ்வளவு பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த சுற்றில் நிறுத்தி, என்னை மட்டும் இறங்கச் சொன்னார். "நீ உள்ள போ. நான் வரேன்."

உள்ளே போக இரண்டடி வைத்தவள் திரும்பிப் பார்த்தேன். இரண்டு கால்களையும் தரையில் ஊன்றியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். ஏறுவதைப் பற்றித்தான் யோசித்தோம். இறங்குவதைப் பற்றி இருவருமே யோசிக்கவில்லை. நடு ஸ்டாண்டு போட இறங்கியாக வேண்டும். பக்க ஸ்டாண்டு போட்டால் வண்டி இடது பக்கம் சாயும், வலது பக்கம் இன்னும் உயரும். நான் உள்ளே போனதும் தனியாக முயற்சி செய்வார், போன மழைக்காலத்தில் விழுந்தது போலவே விழுவார்.

திரும்பி வந்து வண்டியின் இடது பக்கம் நின்று, ஹேண்டில்பாரை இரண்டு கைகளாலும் பிடித்தேன்.

"விடு, கனம் தாங்க மாட்டே."

"தாங்குவேன். நீங்க இறங்குங்க."

என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல விரட்டுவார் என்றுதான் நினைத்தேன். "முன் பிரேக்கை அழுத்திப் பிடி" என்றார். "அது இல்ல, அந்தப் பக்கம். வலது கைப்பக்கம் இருக்கு பாரு." பிடித்தேன். என் தோளில் ஒரு கையை வைத்து, இடது காலை எடுத்து, வலது பக்கம் பத்திரமாக இறங்கிவிட்டார்.

வண்டியின் கனம் முழுவதும் என் கையில் இருந்தது. என்ஜினின் சூடு முழங்காலில் பட்டது. அவர் கையை நீட்டி வாங்க வந்தார். நான் கொடுக்கவில்லை.

"எனக்கும் ஓட்டக் கத்துக் கொடுங்க" என்றேன். "எப்படியும் நான் பிடிச்சாத்தான் நீங்க இறங்க முடியும். பிடிக்கறவளுக்கு ஓட்டவும் தெரியட்டும்."

தெருவைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மைதானத்தில் நிற்கும்போது வருமே, அந்தக் குரலில் சொன்னார்.

"இடது பக்கம்தான் ஏறணும்."