நின்றபடியே ஒரு நிச்சயதார்த்தம்

புதுப்பட்டினத்தில் வேன் ஓட்டும் கோதண்டராமன் வீட்டு மாத்திரை விவரம் தெருவுக்கே அத்துப்படி. அவர் மனைவி ரேணுகா சாயங்காலம் உட்கார்ந்தால் போதும், முழங்காலுக்குக் கீழே எறும்பு ஊரும். ஆட்டினால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். காலாட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று கண்டிக்காத வாய் அந்தத் தெருவில் இல்லை.

இப்போது மகளுக்கு நிச்சயதார்த்தம், அதுவும் மாலையில். திருக்கழுக்குன்றத்து மாப்பிள்ளை வீட்டார் மரியாதையைத் தராசில் வைத்துப் பார்ப்பவர்கள். அவர்கள் எதிரே உட்கார்ந்து காலாட்டினால் சம்பந்தம் என்ன ஆகும்?

செங்கல்பட்டு டாக்டர் முதலில் தூக்கம் வரவழைக்கும் மாத்திரை கொடுத்தார். கால் அடங்கியது. கூடவே ரேணுகாவும் அடங்கி, பகல் பத்து மணிக்குக் கண் சொருகி, சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். அடுத்து, கை நடுக்கக்காரர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை. அதில் ஓயாத குமட்டல். கடைசியாக ரத்தத்தைச் சோதித்தபோதுதான் இரும்புச்சத்துக் குறைவு தெரிந்தது.

"இந்த இரும்பு மாத்திரைய டீயோட சாப்பிடாதம்மா," என்றார் டாக்டர். " வெளிக்குக் கறுப்பாப் போகும், பயப்படாதே. குணம் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும்."

நிச்சயத்துக்கு ஐந்தே வாரம்.

"அந்தத் தூக்க மாத்திரையே போட்டுக்கினு உக்காரு," என்றார் கோதண்டராமன்.

"பொண்ணு நிச்சயத்துல தூங்கி வழியறதா? நான் நின்னுக்கினே இருக்கேன், போ."

சொன்னபடியே நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா பார்வதத்துக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். ஆனாலும் பெண்ணின் அம்மா நிற்கும்போது தான் உட்காருவதா என்று அவளும் எழுந்துவிட்டாள்.

"நீங்க உக்காருங்க சம்பந்தியம்மா."

"நீங்க நிக்கறப்போ நானா? மரியாத தெரியாதவங்களா நாங்க?"

என்ன பணிவு என்று மாப்பிள்ளை வீட்டார் மெச்சினார்கள். வாயைத் திறக்காதே என்று கோதண்டராமன் கண்ணைக் காட்டினார். பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பெயர் ஆயுசுக்கும் நின்றிருக்கும். பார்வதம் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடிப்பதை ரேணுகா பார்த்தாள்.

"மரியாதைக்கு நிக்கலீங்க. உக்காந்தா எங்காலு சும்மா இருக்காது. வியாதி. மருந்து சாப்பிட்டுக்கினுதான் இருக்கேன், இன்னும் கேக்கல."

தெருவில் வேறு யாருக்கு வரும் அந்தத் துணிச்சல்? கோதண்டராமன் முகத்தில் ஈயாடவில்லை.

பார்வதம் பொத்தென்று உட்கார்ந்தாள். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? என் முட்டி உசிரு போச்சு. வந்து பக்கத்துல உக்காருங்க. ஆடுனா ஆடட்டும்."

தட்டு மாற்றும்போதும் ரேணுகாவின் கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஆட்டத்தில் தட்டில் உருண்ட எலுமிச்சம்பழத்தைப் பார்வதம் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.