ஆந்தையின் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி

ஆறு வருடமாகக் கேமராவும் கையுமாகப் பறவைகள் பின்னால் அலைகிறவள் நான். சேற்றில் குப்புறப் படுத்து, கொசுவுக்கு ரத்தம் கொடுத்து எடுத்த படங்களை நூலகக் கண்காட்சியில் கழிப்பறைக்குப் போகிற வழியில்தான் மாட்டுவார்கள். நுழைந்ததும் தெரிகிற பெரிய சுவரில் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம். அதற்காக நான் எதைத்தான் விடவில்லை? ஒரு தடவை மகளைக் கூட்டிப்போனேன். அவள் தும்ம, மீன்கொத்தி பறந்தது. நான் கத்திய கத்தலில் அதோடு வருவதை நிறுத்திவிட்டாள்.

இந்த வருடம் சுவர் எனக்குத்தான் என்றிருந்தேன். அப்போது என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, நான் படங்களைத் திருத்தும் ஸ்டூடியோவுக்கே வந்து நின்றாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்களேன். கண்காட்சிக்கு அனுப்பணும்."

திரையில் திறந்தேன். வயிறு பற்றி எரிந்தது. மரப்பொந்திலிருந்து தலையை நீட்டிய ஆந்தை. இறகு இறகாக எண்ணலாம். கேமரா வாங்கி மூன்று மாதம்கூட ஆகாதவள்! வீட்டு மொட்டை மாடியில் நின்றபடியே எடுத்ததாம். சேறும் இல்லை, கொசுவும் இல்லை.

"பரவாயில்ல. வெச்சிட்டுப் போ" என்றேன்.

ஓரத்தை வெட்டி, ஆந்தை பார்க்கிற பக்கம் காலி இடம் விட்டேன். பின்னால் தெரிந்த துணிக்கொடியை மங்கலாக்கினேன். கை ஒழுங்காகத்தான் வேலை செய்தது, மனசுதான் கேட்கவில்லை. கருவிழியில் வானம் விழுந்து ஒரு வெள்ளைப் புள்ளி. படத்துக்கு உயிரே அதுதான். அழித்தால் பறவை பஞ்சடைத்த பொம்மை. நடுவர் ஒதுக்கிவிடுவார், ஏன் என்று இவளுக்குத் தெரியவும் போவதில்லை.

திரையில் அழிக்கிற பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஆந்தையின் கண்ணைப் பெரிதாக்கினேன். புள்ளிக்குள் கறுப்பாக இரண்டு தலைகள். ஒன்று ஓரகத்தியின் கொண்டை. இன்னொன்று சின்னது, உச்சியில் குதிரைவால். தினமும் காலையில் அதைக் கட்டிவிடுகிறவள் நான். கேமரா அந்தச் சின்னத் தலைக்கு முன்னால்தான் இருந்தது.

ஓரகத்தியைப் போனில் பிடித்தேன். "உண்மையச் சொல்லு. யார் எடுத்த படம்?"

"உங்க பொண்ணுதான்க்கா. ஸ்கூல் விட்டதும் தினம் இங்கதான் வருவா. அம்மா குறை சொல்வாங்க, உங்க பேர்லயே குடுங்க சித்தின்னு சொன்னா."

ஆந்தைமேல் இருந்த பொறாமை போன இடம் தெரியவில்லை. ஆனால் வயிறு முன்னைவிட எரிந்தது. பெரிய சுவரை எவள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். என் பெண் தினம் சாயங்காலம் யார் பக்கத்தில் நிற்கிறாள்! புள்ளியைத் தொடவில்லை. எடுத்தவர் பெயர் இருக்கிற இடத்தில் மகள் பெயரை அடித்து அனுப்பினேன்.

வீட்டில் அவள் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு ஆந்தை பாக்க நானும் வரட்டுமாடி?"

பென்சில் நின்றது.

"நான் தும்ம மாட்டேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "சித்திகிட்ட கேட்டுட்டுச் சொல்றேம்மா."