சூடு ஆறட்டும்

பவளம் வேனின் பானட்டுக்குள் கையை விட்டு என்ஜினைத் தொட்டாள். சுருக்கென்றது.

"சுடுதுங்க," என்றாள் போனில்.

"அப்ப ரிஜெக்ட்," என்றார் அவள் புருஷன் அண்ணாதுரை.

அவர் ஓசூரில் கட்டிலில் கிடந்தார். பக்கத்து வீட்டு சென்னம்மா போனை அவர் காதோடு பிடித்திருந்தாள். முப்பது வருஷம் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்த்த மனுஷன். இதுவரை ஐந்து வண்டிகளைப் படுத்தபடியே கழித்துக்கட்டியிருந்தார்.

ரிட்டயர் ஆனதும் படுக்கையும் அடுப்பும் வைத்த பழைய வேன் ஒன்றை வாங்கி, கன்னியாகுமரியிலிருந்து கடலோரமாகவே கோவா வரைக்கும் ரெண்டு பேரும் போவதாகப் பேச்சு. நுரையீரல் கைவிட்டு, டாக்டர் வீட்டுக்கு அனுப்பிய பிறகு, "நீ மட்டும் போ" என்று மாற்றிவிட்டார். பவளம் ஒரு வாரம் சண்டை போட்டாள். "வண்டிய நானே பாத்துத் தரேன் புள்ள. நடுரோட்டுல நின்னுச்சுன்னா தள்ள நான் வரமாட்டேன்ல," என்றார். மறுநாளே அவள் வண்டி தேடக் கிளம்பினாள். இன்றைக்குக் காலையில் இந்த வேனைப் பார்க்கப் பேரிகைக்கு பஸ் ஏற்றிவிட்டதும் அவர் பிடிவாதம்தான். அவர் வாயால் 'ஓகே' என்று ஒரு தரம் கேட்டுவிட வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

"காத்தால ஒரு ரவுண்டு போயாந்தேன்க்கா, அதான் சூடு," என்றார் வண்டியை விற்கும் திம்மப்பன்.

போனில் அது கேட்டுவிட்டது. "கோளாற மறைக்கத்தான் முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வைப்பாங்க. சூடு ஆறட்டும். அப்புறம் மொத சாவிக்கு எடுக்குதா, புகை என்ன கலருன்னு பாரு."

"ரெண்டு மணி நேரம் ஆகுமே. உங்களுக்குக் கஞ்சி?"

"சென்னம்மா குடுப்பா. நீ உக்காரு."

"பவளக்கா, என் கஞ்சியும் ரிஜெக்ட்டு! உப்பு பத்தலையாம்!" என்று சென்னம்மா கத்தினாள். அவர் சிரிப்பதும் இருமுவதும் கேட்டது.

"இன்னாக்கா, பொண்ணு பாக்கக்கூட இத்தினி கேள்வி கேக்கமாட்டாங்க," என்றார் திம்மப்பன்.

"என்னைப் பாக்க வந்தப்ப வாயே தொறக்கல. அதுக்கும் சேத்து இப்பக் கேக்கறாரு."

திம்மப்பன் டீ வாங்கி வந்து கொடுத்தார். பவளம் வேனுக்குள் ஏறி, பலகைப் படுக்கையில் உட்கார்ந்து ஜன்னல் வலையைத் திறந்து மூடிப் பார்த்தாள். அரை மணிக்கு ஒரு தரம் இறங்கி என்ஜினைத் தொட்டாள். கொதித்தது வெதுவெதுப்பானது.

போன் அடித்தது.

"அக்கா..." என்றாள் சென்னம்மா. "ரெண்டு வாய் குடிச்சாருக்கா. தூங்கறாருன்னு நெனச்சேன்..."

பவளம் போனைப் பைக்குள் வைத்தாள். திரும்பவும் பானட்டுக்குள் கையை வைத்தாள். நன்றாக ஆறியிருந்தது.

அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. "ஏறுங்கக்கா, நான் கொண்டுபோய் விடறேன்," என்றார் திம்மப்பன்.

"சாவியக் குடுப்பா. நான் ஓட்டறேன்."

முதல் சாவிக்கே எடுத்தது. கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் தக்காளித் தோட்டம் தெளிவாகத் தெரிந்தது. 

"நான் மட்டும் காத்தால வண்டிய எடுக்காம இருந்திருந்தா..." என்று இழுத்தார் திம்மப்பன்.

"கதவ நல்லா சாத்துப்பா," என்றாள்.

ஓசூரில் அவள் வீட்டுத் தெருவில் கூட்டம் சேர்ந்திருந்தது. வண்டியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். தலைமாட்டில் உட்கார்ந்து, கலைந்திருந்த அவர் முடியை ஒதுக்கிவிட்டு, காதருகே குனிந்தாள்.

"மொத சாவிக்கே எடுத்துச்சுங்க. புகையே இல்ல."

சென்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஃப்ரீசர் பெட்டி ஏற்றிய வண்டி வந்தது. வழியில்லாமல் தெருவிலேயே நின்று ஹாரன் அடித்தது.

"யார் வண்டிங்க இது? குறுக்க நிக்குது!"

திம்மப்பன் எழுந்தார். அதற்குள் பவளம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"என்னுதுப்பா. இதோ எடுக்கறேன்."

இரண்டு பக்கக் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்து, எவர் வீட்டுச் சுவரிலும் உரசாமல், மெதுவாகத் தெருமுனை வரைக்கும் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். பெட்டியை உள்ளே தூக்கிப்போனார்கள். அவள் என்ஜினை அணைக்காமல், அது ஓடுவதைக் கேட்டுக்கொண்டு சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.