உட்கார்ந்த மேனிக்கு

“கால மடக்குங்கப்பா, சீக்கிரம். வெறச்சுக்கினா அப்புறம் நம்ம பேச்சு கேக்காது” என்று சொல்லிக்கொண்டே வீராசாமி தம்பியின் முழங்காலுக்கு அடியில் கையைக் கொடுத்தார். உயிரோடு இருந்தவரைக்கும் துரைக்கண்ணு தன் அண்ணன் பேச்சைக் கேட்டவரில்லை. செத்த பிறகும் கால் லேசில் மடங்கவில்லை.

ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்த ஆட்கள் இரண்டு பேர் பிளக் எங்கே என்று கேட்டபடி வாசலில் நின்றார்கள். வீராசாமி அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

“பெட்டி வாணாம்பா, எடுத்துக்கினு போ. என் தம்பி தவம் பண்ணவன். இவன படுக்க வெக்கக் கூடாது. உக்கார்ந்த மேனிக்குதான் சமாதி. குழி வெட்டச் சொல்லி ஆள் போயாச்சு.”

செத்தவரின் மனைவி கலாவதி சுவரோரம் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இழவு வீட்டில் இப்படியா உட்காருவாள் என்று வந்த பெண்கள் பார்த்த பார்வை அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் காலை மடக்க முடியவில்லை. காலையிலிருந்தே தொடை அவளுடையதாக இல்லை.

வீராசாமிக்குத் திடீரென்று தம்பி சாமியாராகிப் போனதுதான் வேடிக்கை. இதே வாயால் எத்தனை முறை, “செவுத்தப் பாத்துக்கினு உக்காந்தா பட்டு தானா நெய்துக்குமா?” என்று தெருவே கேட்கக் கத்தியிருக்கிறார். இன்று காலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டுத்தான். “புத்துநோவு எலும்பு வரைக்கும் போயிடிச்சு. ஒரு சத்தம்? ஒரு மொனகல்? வலிய ஜெயிச்சுட்டான்பா என் தம்பி.” தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வீராசாமிக்குத் தலைவலிகூட வந்ததில்லை.

எல்லாம் முதுகுவலியில் ஆரம்பித்தது. தறிக்குழியில் கால் போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து துரைக்கண்ணுவின் இடுப்பு விட்டுப்போனது. தைலம், ஊசி, பெல்ட் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அவருடைய சிநேகிதன் முசரவாக்கத்து ஜெபகுமார் பஸ் கண்டக்டர். நாள் முழுக்க நின்று நின்று அவனுக்கும் இடுப்பு போயிருந்தது. அவன்தான் மலைமேல் ஒரு ஜென் ஆசிரமம் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம் என்று கூட்டிப்போனான். திரும்பி வந்த துரைக்கண்ணு ஓர் இலவம்பஞ்சு மெத்தையைத் தைத்துக்கொண்டு, தினமும் விடியலில் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். இந்தக் காஞ்சிபுரத்திலிருந்து போன ஒருத்தர் சீனாவில் ஒன்பது வருஷம் இப்படித்தான் உட்கார்ந்தாராம் என்று பெருமையாகச் சொன்னார்.

“அவரு பொண்டாட்டி இன்னா பண்ணிக்கினு இருந்தாளாம்?” என்று கலாவதி கேட்டாள். துரைக்கண்ணு அன்றைக்கு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“வலி வருதா, வரட்டும். நான் அதத் தொரத்த மாட்டேன். அதுக்கு ஒரு எடம் குடுக்கறேன், அவ்ளோதான்” என்பார். சொல்வது கலாவதிக்கு விளங்கியது. வலிக்குக் கிடைத்த அந்த இடம் தனக்குக் கிடைக்கவில்லை என்பதும் விளங்கியது. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. காபி டம்ளரை வைத்துவிட்டு அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நோய் வந்த பிறகு அந்த முதுகு இன்னும் விறைப்பானது. எண்ணெய் தடவப் போனால், “தொடாத” என்றார். டாக்டர் கொடுத்த வலி மாத்திரையை, “தல மந்தமாயிடும்” என்று ஒதுக்கிவிட்டார். பகலில் ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கும்பிட்டவர்கள் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று காலையில் அந்த முதுகு சாய்ந்தது.

தெருவில் தறிகள் ஓட ஆரம்பித்த நேரம். அவள் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் அவர் தலை அவள் மடியில் வந்து விழுந்தது. “கலா, வலிக்குதுடி” என்றார். கலா என்று அவர் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பிறகு வாயைத் திறந்து கத்தினார். அம்மா அம்மா என்று, பல் முளைக்கிற குழந்தை மாதிரி, வெட்கமே இல்லாமல் கத்தினார். தறிச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்கவில்லை. “அந்த மாத்திரையக் குடு” என்று அவரே கேட்டார். கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் உடம்பு தளர்ந்தது. “அப்படியே இரு, எழுந்துக்காத” என்றார். முகம் அவள் பக்கம் இருந்தது. வெளியில் சொன்னால் ஊர் காறித் துப்பும். அந்த நேரத்தில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் மூச்சு நின்ற பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் பால் பாக்கெட்டோடு வந்து பார்த்து அலறும்வரை அப்படியே இருந்தாள்.

இதை எப்படிச் சொல்வது? சொன்னால் வலியை ஜெயித்தவர் என்று ஊர் கொடுத்த பேர் போய்விடும். சொல்லாவிட்டால் அவரை மடக்கி, துணியால் இறுக்கிக் கட்டி, திரும்பவும் உட்கார வைத்துவிடுவார்கள்.

ஜெபகுமார் காக்கிச் சட்டையோடு டியூட்டியிலிருந்து நேரே வந்தான். மாலையை வைத்துவிட்டுக் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

“வாப்பா. நீதான கூட உக்காருவ, நீயே சொல்லு. உக்கார வெக்கறதுதான மொறை?” என்றார் வீராசாமி.

அவன் கலாவதியின் அருகில் வந்து குந்தினான். “அண்ணி, கடைசில எப்படி இருந்தாரு?”

அவள் அவன் முகத்தைப் பார்க்காமல், அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். “கத்துனாருப்பா. என் மடில படுத்துக்கினு, வலிக்குதுன்னு கத்துனாரு. மாத்திரையக்கூடக் கேட்டு வாங்கிக்கினாரு.”

அவன் முகம் சுருங்கும் என்றுதான் நினைத்தாள். அவன் நீளமாக மூச்சை விட்டான். கண் கலங்கிவிட்டது.

“நல்லதாப் போச்சு அண்ணி. போன மாசம் போன்ல ஆசிரமத்து குருவம்மா அதத்தான் சொன்னாங்க. வலிச்சா கத்துங்க, கத்தறதும் உக்கார்றதுதான்னு. அண்ணன் சிரிச்சிட்டு, அது மட்டும் எனக்கு வரலம்மான்னாரு.”

“வந்துடுச்சுப்பா” என்றாள் கலாவதி.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வலது கால் தாங்கவில்லை. ஜெபகுமார் கை கொடுக்க வந்தான், வேண்டாம் என்றுவிட்டு நொண்டிக்கொண்டே போய்க் கணவரின் கால்மாட்டில் நின்றாள்.

“மாமா, கால உடுங்க. படுக்க வையுங்க அவர.”

“இன்னாம்மா பேசற? எப்பேர்ப்பட்ட மனுஷன்! எல்லாருக்கும் கெடைக்குமா இந்த மரியாத?”

“உக்கார வெச்சா இடுப்பு வலிக்கும் அவருக்கு.”

பாவம், புத்தி கலங்கிடுச்சு என்று பின்னால் ஒரு பெண் உச்சுக் கொட்டினாள். வீராசாமி குரலைத் தணித்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். “செத்தவனுக்கு இன்னாம்மா வலி?”

“உயிரோட இருக்கறப்பவும் அவருக்கு வலியே இல்லன்னுதான மாமா எல்லாரும் சொல்லிக்கினு இருந்தீங்க?”

வீராசாமியின் கை இன்னும் தம்பியின் முழங்காலுக்கு அடியில்தான் இருந்தது. அவர் குனிந்து தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு இன்னொரு கையையும் கொடுத்து, தூங்குகிறவனை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, அந்தக் காலை மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறக்கி நீட்டி வைத்தார். “பிளக்கு அந்தக் கதவாண்ட இருக்குது” என்று வாசலில் இன்னும் நின்றிருந்த ஐஸ் பெட்டி ஆட்களைப் பார்த்துச் சொன்னார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

குழியை நீளமாக வெட்டச் சொல்லி ஜெபகுமார் போன் செய்தான்.

சாயங்காலம் எடுத்துக்கொண்டு போனார்கள். சங்கு தெருமுனை திரும்பியதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். பட்டம்மாள் விளக்கேற்றி, காபியும் ஒரு தைல பாட்டிலும் கொண்டுவந்து வைத்தாள். “கால நல்லாத் தேய்ச்சுக்கோ. இதோ குளிச்சுட்டு வந்துடறேன்” என்று போனாள்.

ஈரத் தரையில் கலாவதி தனியாக உட்கார்ந்திருந்தாள். சுவரோரம் அந்த மெத்தை நடுவில் குழிந்து கிடந்தது. அதன்மேல் அவளுக்கு இனிமேல் கோபப்பட ஒன்றுமில்லை. தெருவில் துக்கத்துக்காக நிறுத்திய தறிகளில் ஒன்று ஓட ஆரம்பித்திருந்தது.

தைலத்தை ஊற்றித் தொடையில் தேய்த்தாள். அவர் தலை இருந்த இடத்தில்தான் வலி கெட்டியாக இருந்தது. தேய்க்கத் தேய்க்கச் சூடு பரவி, கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. இன்னும் நாலு தேய்ப்பு தேய்த்தால் விட்டுவிடும் போலிருந்தது.

கையை எடுத்துவிட்டாள். பாட்டிலை மூடித் தள்ளி வைத்துவிட்டு, காலையில் அவர் தலைக்கு மடி கொடுத்திருந்த மாதிரியே காலை நீட்டிக்கொண்டாள்.